ஆகத்தம்மாள் வரிசை

ஜனவரி 14, ஞாயிறு

இவர் இன்றும் வரவில்லை. அந்த வீட்டு ஐயாவுக்கு இருமலாம். எண்பது கடந்த மனிதரைத் தனியே விட்டுவிட்டு வரமுடியாதுதான். இவருடைய வேலையே அவரைப் பார்ப்பது: குளிப்பாட்டுவது, சாப்பாடு தீத்துவது, பக்கத்து அறையில் படுப்பது. எத்னா எரிமலைச் சரிவில் அந்தக் கிராமம். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. முன்பெல்லாம் சனி இரவே வந்துவிடுவார். டிசம்பரில் நத்தாருக்குப் பிறகு ஒரு இரவும் இங்கே தங்கவில்லை.

சூரை மீன் குழம்பு வைத்தேன். தலையை மீன்காரன் சும்மா தந்தான். இந்த ஊரார் தலையை எறிகிறார்கள். இவருக்குத் தலைதான் விருப்பம். குழம்பு எனக்கு மூன்று நாளைக்குக் காணும்.

வரவு செலவுக் கொப்பியின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். முன்பக்கத்தில் வெங்காயமும் பருப்பும். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மிச்சப் படிப்பெல்லாம் செபப் புத்தகத்திலும், சாமான் சுற்றி வந்த கடதாசியிலும். இத்தாலிக்கு, இந்தக் கத்தானியாவுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இவர் வந்து பதினாறு வருடம். பிள்ளைகளைக் கர்த்தர் தரவில்லை.

பின்னேரம் ஒழுங்கைக்குள் வாத்தியச் சத்தம். எட்டிப் பார்த்தால், வீட்டுக் கூரையைத் தொடும் பொன்நிறக் கூடு ஒன்றை ஆண்கள் தோளில் சுமந்து ஆட்டியாட்டிக் கொண்டு வருகிறார்கள். எங்கள் ஊர்த் திருநாளில் சுரூபம் வைத்துச் சுற்றும் கூடு போலத்தான், ஆனால் இது ஆடுகிறது. இறைச்சிக் கடைக்காரர்களுடையதாம். அர்ச்சியசிஷ்ட ஆகத்தம்மாளின் திருநாள் வருகிறது. இந்த நகரத்துக்கு அவள்தான் காவல். போன வருடம் எனக்குக் காய்ச்சல். சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஜனவரி 18, வியாழன்

இவர் வந்தார். ஜக்கெற்றைக் கழற்றவில்லை. வழக்கமாகக் கட்டிலில் சாய்பவர், கதிரையின் நுனியில் இருந்தார்.

“சுகமா இருக்கிறீரோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

சோற்றைப் பிசைந்துகொண்டு மறுபடியும், “உடம்புக்கு ஒண்டுமில்லைத்தானே?”

“எனக்கென்ன. உங்களுக்குத்தான் முகம் வாடிக் கிடக்கு.”

“அங்கை குளிர்.”

வாசலில் சப்பாத்துப் போடும்போது மூன்றாம் தரமும் கேட்டார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இவர் என் சுகத்தை இவ்வளவு விசாரித்ததில்லை. மலைக் காற்று மனிதரை மாற்றும் போல. தடித்த போர்வையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 21, ஞாயிறு

இவர் வரவில்லை. இருமல்.

எழுதாமல் விட்டால் கணக்குப் பிழைக்கும். அதனால் ஒருதரம் மட்டும் எழுதுகிறேன். குளிக்கும்போது சவர்க்காரக் கை ஓரிடத்தில் தட்டுப்படுகிறது. மார்பில், உள்ளே. நத்தாருக்கு முந்திய திருவருகைக்காலம் தொடங்கியபோது கச்சான் பருப்பளவு. இப்போது பாக்களவு. நோவில்லை. நோவில்லாததால் பயப்பட ஒன்றுமில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த மடு மாதா கோவில் மண் ஒரு கடதாசிச் சரை இருக்கிறது. பாம்புக் கடிக்கே மருந்தானது. தண்ணீரில் குழைத்துப் பூசுகிறேன்.

டொக்டரிடம் போவதென்றால் இவர் வேண்டும், பேசுவதற்கு. எனக்குத் தெரிந்த இத்தாலியம் பூசைப் புத்தகத்து இத்தாலியம். அதில் பாவம் உண்டு, கிருபை உண்டு, இரக்கம் உண்டு. கட்டிக்குச் சொல் இல்லை. அதோடு டொக்டர் ஆம்பிளை.

ஜனவரி 24, புதன்

இன்று என் குரலை நான் கேட்டது செபமாலை சொல்லும்போது மட்டும்.

ஜனவரி 25, வியாழன்

மூன்று மணிவரை பார்த்தேன். இவர் வரவில்லை. கதவு தட்டியது, ஓடிப் போய்த் திறந்தால் மேல்மாடி அகத்தீனா, கையில் மூடிய தட்டு. எழுபது வயது, விதவை, குரல் மட்டும் பதினெட்டு. இந்த ஒழுங்கையில் பாதிப் பெண்களுக்கு ஆகத்தம்மாளின் பெயர்தான். அகத்தீனா பேசும் கத்தானியாப் பேச்சில் பாதிதான் எனக்கு விளங்கும். விளங்கியதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“உன்ரை சவேரியோ எங்கை? மலையிலை ஆடு மேய்க்கிறானோ?”

இவருடைய பெயர் சவிரிமுத்து. அகத்தீனாவுக்கு அவ்வளவு நீளம் வராது.

“அந்த ஐயாவுக்கு இருமல், சிஞ்ஞோரா.”

“மாசம் முழுக்க இருமுற கிழவன் ஒண்டில் சாகவேணும், இல்லாட்டிக் கச்சேரி வைக்கவேணும். சரி, சாப்பிடு.”

தட்டைத் திறந்தார். கைக்குள் அடங்கும் இரண்டு பலகாரம், வெள்ளைச் சீனிப் பாகு பூசியது, உச்சியில் ஒவ்வொரு சிவப்புப் பழம். என்ன வடிவம் என்று விளங்கியதும் கையைப் போட்டு மூடிவிட்டேன்.

அகத்தீனா வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏன் மூடுறாய்? ஆகத்தம்மாளின்ரைதான். வேதத்தை விடேல்லை எண்டு அந்தக் காலத்து அதிகாரியின்ரை ஆக்கள் குறட்டாலை பிய்ச்சு எறிஞ்சாங்கள். அர்ச்சியசிஷ்ட இராயப்பர் சிறைக்குள்ளை வந்து சுகப்படுத்தித் திருப்பிக் குடுத்தார். அந்தச் சந்தோசத்துக்குத்தான் தின்னுறம்.”

“கோவில் திருநாளுக்கு இதையோ தின்னுறது?”

“வேறை என்னத்தைத் தின்ன? மீன் தலையையோ?”

மார்பு நோய்க்காரர் எல்லோரும் ஆகத்தம்மாளிடம்தான் போவார்களாம். கேட்ட வரத்துக்குத் தக்க பாரத்தில் மெழுகுதிரி தூக்கி நடப்பார்களாம். அவர் போனபின் ஒன்றைத் தின்றேன். மற்றதை அலுமாரிக்குள் வைத்தேன், இவருக்கு.

ஜனவரி 27, சனி

அகத்தீனாவோடு மெழுகுதிரிக் கடைக்குப் போனேன். சுவரோரம் ஆட்கள் சாய்ந்து நிற்பதுபோல மெழுகுதிரிகள். என்னிலும் உயரமானவையும் இருந்தன.

“என்ன கேக்கப் போறாய்?” என்றார்.

“இவருடைய வதிவிடப் பத்திரம் புதுப்பிக்கவேணும்.”

பத்திரம் ஆவணியிலேயே கிடைத்துவிட்டது. பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுவேன்.

“காகிதத்துக்கு இது காணும்,” என்று கைத்தடி அளவான ஒன்றை எடுத்துத் தந்தார். நான் அதை வைத்துவிட்டு, என் தோளுயரத்தில் நின்ற ஒன்றைத் தொட்டேன்.

“அது சாவுக்குத் தப்பின ஆக்கள் தூக்கிறது, பிள்ளை. விபத்து, பெரிய வருத்தம், அப்பிடி.”

“பத்திரம் எடுக்கிறதும் கஷ்டம்தான், சிஞ்ஞோரா.”

கடைக்காரன் சிரித்தான். அகத்தீனா சிரிக்கவில்லை.

விலையை முன்பக்கத்தில் எழுதவில்லை. முதல்முதலாக ஒரு செலவை விட்டிருக்கிறேன். மெழுகுதிரியை அறை மூலையில் நிறுத்தினேன். திரும்பும்போதெல்லாம் ஆள் நிற்பதுபோல இருக்கிறது. பரவாயில்லை.

பெப்ரவரி 1, வியாழன்

மலைப் பாதையில் பனியாம், பஸ் இல்லையாம். மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு பார்த்தேன். மலை வெயிலில் பளிச்சென்று நின்றது, புகைகூடத் தெரிந்தது. பாதையில் மட்டும் பனி கிடக்கலாம்.

அலுமாரிக்குள் இருந்த பலகாரம் பழுதாகிவிட்டது. எறிந்தேன்.

பெப்ரவரி 3, சனி

இன்று ஆகத்தம்மாளுக்கு மெழுகு காணிக்கை கொண்டுபோகும் நாள். அகத்தீனா திருநாளுக்கு உடுக்கும் வெள்ளை அங்கியை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கவேண்டும் என்று நின்றுவிட்டார். நான் தனியே போனேன். முன்காலத்துப் பொன்வண்டிகள் இரண்டு, குருக்கள், கொடிகள். பிறகு ஒவ்வொரு தொழில்காரரின் கூடும் ஆடிக்கொண்டு வந்தது. பெரிய கோவில் முற்றத்தில் கருங்கல் யானைமேலும் பொடியன்கள் ஏறப் பார்த்தார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றேன். இடித்தவர்கள் எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்துச் சின்ன முற்றத்தில் ஒரு வரிசை. பெண்கள் மட்டும். எங்கள் ஆட்களுக்கு வரிசையைக் கண்டால் கால் தானாக நிற்கும். பாசையூர் அந்தோனியார் திருநாளில் வரிசை என்றால் பாண். மடுவில் வரிசை என்றால் கஞ்சி, இல்லாவிட்டால் தண்ணீர். என்னவென்று விசாரித்து முடிப்பதற்குள் முப்பது பேர் முந்திவிடுவார்கள்; முதலில் நிற்கவேண்டும், பிறகு கேட்கவேண்டும். நின்றேன். முன்னால் நின்றவளிடம், “ஆகத்தம்மாளுக்கோ?” என்று கேட்டேன். “ஓம், ஆகத்தம்மாளுக்காகத்தான். ஒவ்வொரு வருசமும் செய்யினம்,” என்றாள். எனக்குச் சந்தோசம். பையில் வெறும் ஜாம் போத்தல் ஒன்று எப்போதும் வைத்திருப்பேன். ஆசீர்வதித்த எண்ணெய் கொடுத்தால் போத்தலில் வாங்கலாம், பாண் கொடுத்தால் கைலேஞ்சியில். ஒரு பெண் வந்து என் வயதைக் கேட்டு, இலக்கம் எழுதிய துண்டு தந்தாள். இந்த ஊரில் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்தேன்.

வரிசை ஒரு வெள்ளை வாகனத்தின் படியில் போய் முடிந்தது. இளஞ்சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள்; திருநாள் சோடனை. போத்தலின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு ஏறினேன். உள்ளே சுரூபம் இல்லை. ஒரு இயந்திரம், ஒரு திரைச்சீலை, ஒரு தாதி.

“எண்ணெய்?” என்று கேட்டேன்.

தாதி போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினாள். படத்தில் ஒரு பெண் மேலாடை இல்லாமல், ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

அப்போதுதான் விளங்கியது. இறங்கியிருக்கலாம். ஏன் இறங்கவில்லை என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. பின்னால் இருபது பேர் நின்றார்கள். வரிசையைக் குழப்பி எனக்குப் பழக்கமில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும்.

தாலிக்கொடியையும் கழற்றச் சொன்னாள். கழுத்தில் ஏறிய பிறகு அது இறங்கியதில்லை. யாரிடம் கொடுப்பது? போத்தலுக்குள் போட்டு மூடி, என் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தேன்.

இயந்திரம் முடிந்தபின் டொக்டர் வந்தாள். பெண்பிள்ளை, என் வயதில் பாதி இருக்கும். கை குளிர் என்று மன்னிப்புக் கேட்டு, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் தொட்டாள். நத்தாருக்குப் பிறகு என்னை ஒருவர் தொட்டது இன்றைக்குத்தான். விரல் அந்த இடத்தில் நின்றது. போகவில்லை.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். திருவருகைக்காலம் என்பதற்கு இத்தாலியம் எனக்குத் தெரியும். சொன்னேன். அவள் தலையைக் குனிந்து எழுதினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பதினான்காம் தேதி வரவேண்டும், ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள், பிந்தக்கூடாது, தனியே வரக்கூடாது. மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல, இரண்டுதரம் சொன்னாள்.

“உங்களோடை ஆர் இருக்கினம்?”

நான் வாகனத்தின் கதவைக் காட்டினேன். வெளியே முழு நகரமும் நின்றது.

பிறகு கோவிலுக்குள் போனேன். ஆகத்தம்மாள் இருக்கும் அறை பூட்டிக் கிடந்தது. நாளை விடியத்தான் திறப்பார்களாம். பூட்டிய கதவைப் பார்த்துச் சொன்னேன்: நான் கேட்டது சுகம். நீ எனக்குத் துண்டு தந்து வரிசையில் விட்டிருக்கிறாய்.

பெப்ரவரி 4, ஞாயிறு

இவர் வரவில்லை. திருநாள் நெரிசலில் பஸ் ஓடாது என்றார். அது உண்மை.

அகத்தீனா இருட்டோடு வந்து தட்டினார். வெள்ளை அங்கி, கறுப்பு வெல்வெற் தொப்பி, வெள்ளைக் கையுறை. என்னிடம் அங்கி இல்லை. வெள்ளைச் சேலை உடுத்தேன். ஊரில் அதைச் செத்த வீட்டுக்குத்தான் எடுப்பேன். அகத்தீனா என்னைச் சுற்றி வந்து பார்த்து, “இதிலை பாதித் துணியை எனக்குத் தந்திருக்கலாம்,” என்றார்.

பெரிய கோவிலுக்குள் மூச்சுவிட இடமில்லை. விடியற் பூசைக்கு முன்பு பூட்டில் மூன்று திறப்புகளைப் போட்டு அந்த அறையைத் திறந்து ஆகத்தம்மாளை வெளியே கொண்டுவந்தார்கள். மார்பளவுச் சுரூபம், உடம்பு தெரியாமல் நகை. முகம் சின்னது. இளம் பிள்ளையின் முகம். கோவில் முழுக்க வெள்ளைக் கைலேஞ்சிகள் பறந்தன. ஒருவர் எங்கேயோ ஏறி நின்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறார், “ஊரவரே! நாங்கள் எல்லாரும் பக்தரோ?” எல்லோரும், “ஓம்! ஊரவரே, வாழ்க ஆகத்தம்மாள்!”

நான் வாய் திறக்கவில்லை. ஊரவரே என்றல்லவா கூப்பிடுகிறார்கள்.

அகத்தீனா முழங்கையால் இடித்தார். “கத்து! உனக்குத் தொண்டை இல்லையோ?”

கத்தினேன். “ஆகத்தம்மாளே!” என்று எங்கள் பேச்சில்தான் வந்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஒப்பாரி வைப்பதுபோல வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற மனிதர் விலகி எனக்கு முன்னால் இடம் விட்டார்.

தேரை இரண்டு நீளக் கயிற்றால் ஆயிரக்கணக்கான வெள்ளை அங்கிக்காரர் இழுத்தார்கள். நாங்கள் மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு பின்னால் நடந்தோம். பாரம் எலும்பில் அழுத்தியது. மெழுகு உருகிக் கையிலும் சேலையிலும் வடிந்தது. ஒரு சந்தியில் தேர் நிற்க, எல்லோரும் தோள் மாற்றினார்கள்.

அகத்தீனா என்னைப் பார்த்தார். “விடியத் தொடக்கம் ஒரே தோளிலைதான் தூக்கிறாய். மற்றத் தோளை ஆருக்கு வைச்சிருக்கிறாய்?”

“பழக்கம்.”

“இது காகிதத்துக்குத் தூக்கிற மெழுகுதிரி இல்லை, பிள்ளை.”

என்னிடம் சொல் இருக்கவில்லை. கையை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினேன். பிறகு பையில் இருந்த ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினேன். அகத்தீனா கண்ணாடி போட்டு வாசித்தார். அழவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். தேரைப் பார்த்துத்தான் சொன்னார் போல. என் மெழுகுதிரியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, தன்னுடைய சின்னதை என்னிடம் தந்தார்.

“சவேரியோவுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“இண்டைக்கே சொல்லு.”

“பயந்துபோவார், சிஞ்ஞோரா.”

“பயப்படட்டும். எல்லாப் பயத்தையும் நீ ஒராளா இருந்து பட்டு முடிக்க ஏலாது. நீ சொல்லாட்டி நான் பஸ் ஏறிப் போவன். என்ரை பேச்சு அவனுக்கு விளங்காது. நடுச் சந்தியிலை நிண்டு நடிச்சுக் காட்டுவன். கிராமமே பாக்கும்.”

பெப்ரவரி 5, திங்கள்

சொல்லவில்லை. இரண்டுதரம் தொலைபேசி எடுத்தேன். இரண்டுதரமும் ஐயாவின் இருமல் எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்தேன். “என்ன இருமல்?” என்று கேட்டார் முதல்தரம். மறந்துவிட்டார் போல.

பெப்ரவரி 6, செவ்வாய்

தேர் காலையில்தான் கோவிலுக்குத் திரும்பியது. தெருவெல்லாம் மெழுகு. நடந்தால் செருப்பு கிறீச்சிடுகிறது. மரத்தூள் போட்டிருக்கிறார்கள், ஆட்கள் குனிந்து சுரண்டுகிறார்கள். மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் என் முன்னாலேயே சறுக்கி விழுந்து, எழும்பி, சிலுவை போட்டுக்கொண்டு போனான்.

அகத்தீனா படியில் நின்று, “சொன்னியோ?” என்றார். நான் தலையாட்டவில்லை. அவர் உள்ளே போய் வெளிக்கிடும் சப்பாத்தோடு வந்தார். அதைக் கண்டபின் வீட்டுக்குள் ஓடி இவருக்கு எடுத்தேன்.

“இஞ்சேருங்கோ, ஒரு விசயம்.”

“சொல்லும்.”

“எனக்கு மார்பிலை ஒரு கட்டி. டொக்டர் பாத்தவ. பதினாலாந் தேதி ஆஸ்பத்திரிக்கு வரட்டாம்.”

இவர் கேட்டார்:

“பெருத்திட்டோ?”

எப்போதிலிருந்து, எந்த டொக்டர், எப்படிப்பட்ட கட்டி, ஒன்றும் கேட்கவில்லை. பெருத்திட்டோ.

தொலைபேசியை வைத்துவிட்டேன். அது திரும்பத் திரும்ப அடித்தது. வெங்காயம் உரிக்க இருந்தேன். எழும்பிப் பார்த்தபோது கூடையில் ஒன்றும் மிச்சமில்லை.

பெப்ரவரி 8, வியாழன்

காலையிலேயே வந்துவிட்டார். சவரம் செய்யவில்லை. நான் பிளேன்ரீ வைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் இருந்தேன். நானாகப் பேசுவதில்லை என்று இருந்தேன். முடியவில்லை.

“எப்ப தெரியும்?”

“நத்தார் அண்டு. கை பட்டது. நீர் நித்திரை எண்டு நினைச்சன்.”

“நான் நித்திரை இல்லை.”

“பிறகு அதுவும் விளங்கினது.”

“தெரிஞ்சு, ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“நீர் மட்டும் எனக்குச் சொன்னீரோ?”

கோப்பையைக் கீழே வைத்தார்.

“அம்மாவுக்கும் இதுதான்,” என்றார்.

மாமி காய்ச்சலில் செத்தார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்திய கதை.

“வன்னியிலை, இடம்பெயர்ந்து இருக்கேக்கை. டொக்டர் இல்லை, மருந்து இல்லை. அக்கா ஆக்கள் பயந்து கிட்டப் போகேல்லை. நான்தான் காயம் கட்டினனான். பழஞ்சேலையைக் கிழிச்சு, அவிச்சு. அந்த மணம்... இமெல்டா, எனக்குத் திரும்பவும் ஏலாது. வியாழன் வியாழன் பஸ் தரிப்பிடத்துக்கு வருவன். பஸ் வரும். ஏறமாட்டன். போனாப் பிறகு திரும்பி நடப்பன்.”

“அப்ப நான் ஏலுமெண்டோ இஞ்சை இருந்தனான்? ஒவ்வொரு வியாழனும் மீன் தலை வாங்கிக்கொண்டு?”

இவ்வளவு நாளும் நான் இருமுகிற கிழவரை நினைத்துச் செபம் பண்ணியிருக்கிறேன்.

சோறு போட்டேன். தின்றார். தட்டைக் கழுவி வைத்தார். பின்னேரப் பஸ்ஸுக்கு எழும்பவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருக்கிறார். போர்வையை மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். என் கம்பளிச் சால்வையைப் போர்த்திவிட்டேன். கோபம் தீரவில்லை.

பெப்ரவரி 14, சாம்பல் புதன்

ஆஸ்பத்திரி. இவர் வந்தார். காத்திருக்கும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தார், ஒரு கதிரை விட்டு. பிறகு யாரோ ஒரு வயோதிப மாது வந்து இடம் கேட்க, கிட்ட வந்து இருந்தார். ஊசி நொந்தது. பின்னேரம் கோவிலில் சாம்பல் பூசினோம். ஒருசந்தி உபவாசம் பிடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாள். தபசுகாலத்தில் விடிய எழும்பிப் பாண் தின்னப்போவது இதுதான் முதல்தரம்.

பெப்ரவரி 27, செவ்வாய்

புற்றுத்தான். டொக்டர் சொன்ன சொல்லை இவர் எனக்குத் தமிழில் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது. பெரிதாகப் பரவவில்லை என்கிறார்கள். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கதை வேறு என்கிறார்கள். வெட்டி எடுத்துவிட்டு மருந்து.

ஆகத்தம்மாள் பேரில் கோபம் இல்லை. ஆனால் போய் நன்றி சொல்லவும் இன்னும் கால் வரவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

நாளைக்கு ஒப்பரேசன். அகத்தீனா பெரிய கோவிலுக்குப் போய் ஆகத்தம்மாளோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார். தொண்டை கட்டிவிட்டது. சைகையில்தான் பேசுகிறார். நல்ல அமைதி.

மார்ச் 17, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். வலப்பக்கம் பாதிதான் இருக்கிறது. இன்னும் பார்க்கவில்லை. கையை உயர்த்த முடியவில்லை. எழுத்துக் கோணலாக வருகிறது.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வெளிக்கிடுவதற்கு முன் தாதி வந்து, காயத்துக்கு ஒவ்வொரு நாளும் துணி மாற்றவேண்டும், வீட்டில் யார் மாற்றுவது என்று கேட்டாள். அகத்தீனா கையை உயர்த்தினார். நானும் அவரைத்தான் காட்டினேன். இவர் யன்னல் பக்கம், வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, சுவர்தான்.

திரும்பாமலே, “நான்,” என்றார். பிறகு தாதிக்கு விளங்கட்டும் என்று இத்தாலியத்தில் சொன்னார். “நான் மாத்துவன். காட்டித் தாங்கோ.”

அகத்தீனா கையை இறக்கினார்.

தாதி கையுறை கொடுத்தாள். வியர்வையில் விரல் ஏறவில்லை; இரண்டாவது சோடியில்தான் ஏறியது. பழைய துணியை எடுத்தபோது நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இவர் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தது தெரிந்தது. அடக்கியே இருந்தார். மனிதர் எவ்வளவு நேரம் அடக்குவார்? கடைசியில் விட்டுவிட்டு, இழுத்தார். இன்னொருதரம் இழுத்தார்.

“மணமில்லை,” என்றார். எனக்குச் சொன்னதில்லை, தாதிக்கும் சொன்னதில்லை.

தாதி சொன்னபடி துடைத்தார். புதுத் துணியை வைத்தார். ஒட்டும் நாடாவை வெட்டி, காற்றில் வைப்பதுபோல வைத்தார். துணி ஒரு பக்கம் தொங்கியது. தாதி மறுபடியும் காட்டினாள். மறுபடியும் அப்படித்தான் வைத்தார்.

“இறுக்கி ஒட்டுங்கோ,” என்றேன். “நொந்தால் சொல்லுவன்.”